ஆளுக்கொரு வாளி தண்ணீர்

போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில், பின் சீட்டில் படுத்துக்கொண்டு வர மாட்டேன், முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாரே, அந்த லிஃப்ட்காரர் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். நெஞ்சைத் திறந்து, அடைப்பைச் சரிசெய்து, தைத்து அனுப்பியிருந்தார்கள். வாயை மட்டும் யாரும் தைக்கவில்லை. அதற்காக அவர் மனைவி தினமும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஊரில் உயரமான கட்டடம் எது இருந்தாலும் அதன் லிஃப்டைப் பழுதுபார்க்கக் கை வைத்தவர் அவர். அப்படிப்பட்டவருக்கு, சொந்த வீட்டு மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் தடை போட்டிருந்தார். நேற்று வரைக்கும் அந்தத் தடை இருந்தது. நேற்று வந்த பிசியோதெரபி பெண் அதை எடுத்துவிட்டுப் போனாள். இந்த வாரத்துக் களேபரம் முழுவதும் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

அவர் மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். தெருவில் அவளுக்குக் கண்ணாடிக்காரம்மா என்றே பெயர். வாரத்தில் கடைக்குப் போகத் தேவையில்லாத ஒரே நாள் அது. வெண்ணெயை இளகுவதற்கு வெளியே எடுத்து வைத்துவிட்டு மாவைச் சலித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் இதமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் அதுவே ஆளைப் பொசுக்கும்.

"ஏம்மா, இன்னிக்கு நான் மாடிக்குப் போறேன்."

சல்லடை அப்படியே நின்றது.

"எந்த மாடிக்கு?"

"நம்ம வீட்டுக்கு எத்தனை மாடி இருக்கு?"

சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகம் மழித்து, துவைத்த சட்டை போட்டு, எங்கோ விசேஷத்துக்குக் கிளம்புகிறவர் போலிருந்தார். கையில் செடி வெட்டுகிற கத்தரிக்கோல்.

"நின்னு நின்னு ஏறலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சுல்ல. எலுமிச்சம்பழத்தை நானே பறிச்சுட்டு வர்றேன். நீ அடுப்பைச் சூடு பண்ணு."

"வெயிலா இருக்கே."

"வெயில் காலம் வருதுன்னா வெயில் இருக்கத்தான் செய்யும்."

"சாயங்காலமா போகலாமே."

"சாயங்காலம் நான் கேக் சாப்பிடணும். பழம் இல்லாம எதை வெச்சு கேக் செய்வ?"

அந்த வீட்டில் அது ஒரு சட்டம். வெயில் உறைக்க ஆரம்பிப்பதற்கு முன்னால், மாடியில் காய்த்ததை வைத்து வருஷத்தின் முதல் கேக்கைச் செய்துவிட வேண்டும். அவர் பறிக்க வேண்டும், அவள் செய்ய வேண்டும், மாடியிலேயே உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட வேண்டும். மகள் பால்பல்லோடு ஓடித் திரிந்த காலத்திலிருந்து இது நடக்கிறது. பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு எலுமிச்சை மரம், சுவரோரம் ஸ்ட்ராபெரித் தொட்டிகள், கம்பு நட்டுக் கட்டிய தக்காளி, ஒரு மூலையில் புதினா. லிஃப்ட்காரருக்கு வேலைக்கு வெளியே இருந்த உலகம் அவ்வளவுதான்.

அந்த உலகம் மேலே செத்துக் கிடந்தது. அது கண்ணாடிக்காரம்மாவுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவர் கண் திறந்து கேட்ட முதல் கேள்வியே, "செடியெல்லாம் எப்படி இருக்கு?" என்பதுதான். "நல்லா இருக்குங்க," என்றாள். அன்றைக்கு அது உண்மை. அடுத்தடுத்த நாட்களில் இலை வாடியது, மஞ்சளானது, உதிர்ந்தது. பதில் மட்டும் மாறவே இல்லை. அந்தப் பதிலைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற தெளிச்சியைப் பார்த்த பிறகு வேறு பதில் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. டாக்டர் சொல்வதை அவர் நேராகக் கேட்டதே கிடையாது. டாக்டர் வெளியே வராந்தாவில் அவளிடம் பேசுவார். அவள் உள்ளே வந்து சொல்வாள். "எல்லாம் சரியா இருக்காம்." "நீ சொன்னா சரி," என்று கண்ணை மூடிக்கொள்வார். பெரிய பெரிய பரிசோதனைகளை விட அவளுடைய ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த மனிதர் தூங்கி எழுந்து தேறி வந்திருந்தார்.

"கொஞ்சம் இருங்க. துணி காயப்போட்டுட்டு வந்து நானே கூட்டிட்டுப் போறேன்."

"இன்னிக்குத் துணியே துவைக்கலையே?"

"காய்ஞ்சதை எடுத்துட்டு வர்றேன்னு சொன்னேன்."

அப்படிச் சொல்லவில்லை என்று இருவருக்கும் தெரியும். அவர் பெரிய மனசு பண்ணி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள்.

மாடிக் கதவைத் தள்ளியவள் திகைத்து நின்றாள்.

மேலே ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள். எலுமிச்சை டிரம்முக்கு இந்தப் பக்கம் அவள் மகள், கையில் வாளி. அந்தப் பக்கம் அவள் தம்பி, அவன் கையிலும் வாளி. கையும் களவுமாக அகப்பட்டவர்கள் போல இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

மகளுக்கு வீட்டில் டமாரம் என்று பெயர். பல் மருத்துவம் படிக்கிறாள். ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் தெருமுனை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். தம்பி சோபா தைப்பவன். எந்த வேலையையும் நிறுத்தி நிதானமாகச் செய்வதால் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தவர் அவனுடைய அத்தான்தான்.

"ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"தண்ணி ஊத்த வந்தேன்மா," என்றாள் டமாரம். "மாமாவைக் கேளு. இவர் எதுக்கு வந்தாராம்?"

"நானும் தண்ணி ஊத்தத்தான் வந்தேன். தினமும் வர்றேனே."

"தினமும் வர்றீங்களா? நான்தான் தினமும் ஊத்துறேன்!"

கண்ணாடிக்காரம்மா படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எப்போடி ஊத்துற?"

"காலேஜ் விட்டு வந்ததும்."

"நீ?"

"கடையைப் பூட்டிட்டு வீட்டுக்குப் போற வழியிலக்கா. வெளிப்படிதானே, யாருக்கும் தெரியாம ஏறி எறங்கிடுவேன்."

"கடவுளே," என்றாள் அவள். "நான் காலையில ஊத்துறேனேடா."

மூவரும் தொட்டிகளைப் பார்த்தார்கள். தக்காளித் தண்டு கறுத்து அழுகித் தலை சாய்ந்திருந்தது. ஸ்ட்ராபெரி இலைகளில் சாம்பல் பூத்திருந்தது. எலுமிச்சை மரம் இலையெல்லாம் உதிர்த்து மொட்டையாக நின்றது. புதினா மட்டும் யாரையும் பொருட்படுத்தாமல் தொட்டி வழிய வளர்ந்து, தரையிலும் கால் நீட்டியிருந்தது.

"இலை வாடுதேன்னு நான் ரெண்டு வாளியா ஊத்தினேன்," என்றாள் டமாரம் மெதுவாக. அவள் வாழ்க்கையில் மெதுவாகப் பேசிய சந்தர்ப்பங்கள் குறைவு.

"நானும்தான்."

"நானும்தான்டி."

தண்ணீர் அதிகமானாலும் இலை வாடும் என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருக்கவில்லை. வாட வாட ஊற்றியிருக்கிறார்கள். ஊற்ற ஊற்ற வாடியிருக்கிறது.

"ஒருத்தர்கிட்ட ஒருத்தர் சொல்லக் கூடாதா?"

"அப்பாதான் சொல்ல வேணாம்னாரு," என்றாள் டமாரம். "அம்மாவுக்கு ஏற்கனவே தலைக்கு மேல வேலை, செடியைப் பத்தி அவகிட்ட மூச்சு விடாதே, நீயே பார்த்துக்கோன்னாரு. நான் மூச்சே விடலை."

எக்ஸ்பிரஸ் வாயைப் பிளந்தான். "என்கிட்டயும் அதேதான் சொன்னாரு! அக்காவும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையுறாங்க மாப்ள, அவங்களுக்குத் தெரியாம நீ பார்த்துக்கோன்னாரு."

கண்ணாடிக்காரம்மாவிடம் அவர் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் ஊற்றினாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு வாளி. அதை ஊற்றிவிட்டால் அன்றைய பொழுது நல்லபடியாகப் போகும் என்று அவளுக்குள் ஒரு நம்பிக்கை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

"அது சரி, வடிஞ்சிருக்கணுமே?" என்று குனிந்து ஒரு தொட்டியைத் தூக்கினாள் டமாரம். "தொட்டிக்கு அடியில ஓட்டை இருக்கே. இது என்ன?"

தொட்டிக்குக் கீழே வெட்டி வைத்த சதுரமாக, அழகாக, ஒரு ஸ்பாஞ்ச் துண்டு. எல்லாத் தொட்டிக்கு அடியிலும். டிரம்முக்கு அடியில் வட்டமாகவே வெட்டிச் செருகியிருந்தது.

எக்ஸ்பிரஸ் முகத்தில் அசடு வழிந்தது.

"சோபா ஸ்பாஞ்ச். நல்ல அடர்த்தியானது. ஊத்துற தண்ணியெல்லாம் வீணா ஓடுதேன்னு வெச்சேன். ரெண்டு நாள் ஆனாலும் ஈரம் காயாது பாரு."

"காயலையே மாமா. அதான் பிரச்சனை."

கீழே படியருகே செருப்புச் சத்தம் கேட்டது.

"அப்பா!" என்றாள் டமாரம்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு யார் பொறுப்பு என்று இன்று வரைக்கும் அந்த வீட்டில் முடிவாகவில்லை. யோசனை டமாரத்துடையது. ஊசியும் நூலும் எக்ஸ்பிரஸுடையது. சோபா தைக்கிற வளைந்த ஊசி எப்போதும் அவன் சட்டைப் பையில் இருக்கும். எலுமிச்சம்பழங்கள் கண்ணாடிக்காரம்மா முந்தின நாளே வாங்கி, மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தவை. டமாரம் வெளிப்படியில் இறங்கி, பின்வாசல் வழியாகப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

"டேய், வேணாம்டா. உண்மையைச் சொல்லிடலாம்."

"அத்தானோட நெஞ்சுத் தையல் பிரிஞ்சுட்டா என்னக்கா பண்றது? முதல்ல அவர் மேல வந்து உட்காரட்டும். மூச்சு வாங்குற நேரத்துல அதிர்ச்சி கொடுக்கக் கூடாது. அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்."

அந்த ஒரு பேச்சுக்கு அவள் ஒதுங்கி வழி விட்டாள். உள்படியில் அவர் நின்று நின்று ஏறுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை சத்தம் நிற்கும்போதும் அவள் மூச்சும் நின்றது. எக்ஸ்பிரஸ் தன் வாழ்நாளில் முதல்முறையாகப் பெயருக்கேற்ற வேகத்தில் பழங்களைக் கிளையில் கட்டினான்.

கதவு திறந்தது.

லிஃப்ட்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நெற்றியில் வேர்வை, முகத்தில் சிரிப்பு. ஏறிவிட்டோம் என்கிற சிரிப்பு. கண்ணாடிக்காரம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் ஊசியும் குழாயுமாகக் கிடந்த கை அது. இப்போது சூடாக, கனமாக இருந்தது. செடி என்ன, வீடே இடிந்து விழுந்தாலும் பரவாயில்லை, இந்தக் கை இருக்கிறதே என்று அவளுக்குத் தோன்றியது.

"முதல்ல உட்காருங்க."

"இருடி. முதல்ல பார்க்கிறேன்."

பார்த்தார். சிரிப்பு மெதுவாக அவர் முகத்தை விட்டு இறங்கியது. தக்காளியைப் பார்த்தார். ஸ்ட்ராபெரியைப் பார்த்தார். கடைசியாக, ஒரு இலை கூட இல்லாத எலுமிச்சை மரத்தில் பளபளவென்று தொங்கிய பழங்களைப் பார்த்தார். கிட்டே போனார். ஒரு பழத்தைக் கையில் ஏந்தித் திருப்பினார்.

"பரவாயில்லையே," என்றார். "நம்ம மரம் ஸ்டிக்கரோட காய்க்க ஆரம்பிச்சிடுச்சு."

பழத்தின் முதுகில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கர் பச்சை நிறத்தில் மின்னியது.

டமாரம் முதலில் சிரித்தாள். எக்ஸ்பிரஸ் சிரிக்கலாமா என்று அக்காவைப் பார்த்தான். லிஃப்ட்காரரும் சிரித்தார். ஆனால் சிரிப்பு முடிகிற இடத்தில் அவர் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார்.

"எப்பலேருந்து இப்படி?"

"நீங்க ஆஸ்பத்திரியில இருக்கும்போதே," என்றாள் அவள்.

"தினமும் நல்லா இருக்குன்னு சொன்ன."

"ஆமா."

"அதே வாயாலதான், எனக்கும் எல்லாம் நல்லா இருக்குன்னு சொன்ன."

அவர் கத்தரிக்கோலைத் தரையில் வைத்தார்.

"கடைக்கு வர்றவங்களை எல்லாம் எழுத்து தெளிவா தெரியுதா, தெளிவா தெரியுதான்னு கேக்குறவ நீ. எனக்கு மட்டும் மங்கலா காட்டிட்டியேம்மா." அவர் குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் அவள் சமாளித்திருப்பாள். பயம்தான் இருந்தது. "நான் டாக்டர் மூஞ்சியைப் பார்க்கல. உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் தெம்பா இருந்தேன். இப்ப சொல்லு. என் உடம்பு எப்படி இருக்கு?"

இதற்கு ஒரு சமாதானம் சொல்லிவிட்டு கேக் செய்யப் போய்விடலாம் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது. தோன்றியதை அவளே வெறுத்தாள். இந்த மனிதரிடம் இன்றைக்கு ஒரு பொய் சொன்னால், இனிமேல் இவளுடைய எந்த வார்த்தையும் அவருக்குத் துணைக்கு நிற்காது.

அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"உங்க நெஞ்சு நல்லா இருக்கு. அது சத்தியமான உண்மை. டாக்டர் சொன்னது, நான் சொன்னது, ரெண்டும் ஒண்ணுதான். வேணும்னா நாளைக்கே போவோம், நீங்களே நேரா கேளுங்க. நான் வெளியிலயே நிக்கிறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன?"

"ஒண்ணு பாக்கி வெச்சிருக்க. உன் கண்ணு சொல்லுது."

டமாரம் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"லிஃப்ட் கூண்டுக்கு மேல ஏறுறது, குழிக்குள்ள எறங்குறது, கனம் தூக்குறது... அந்த வேலை இனிமே கூடாதாம். கொஞ்ச நாளைக்கு இல்ல. எப்பவுமே." கண்ணீர் தானாக வந்தது. அதைத் துடைக்காமலே பேசினாள். "வீட்டுக்கு வந்த அன்னிக்கே சொன்னாரு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்த வேலை உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாதா? செடியைக் கொன்ன மாதிரி உங்களையும் கொன்னுடுவேனோன்னு..."

புறங்கையால் கண்ணைத் துடைத்தாள்.

தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. லிஃப்ட்காரர் குனிந்து, செருப்பு நுனியில் ஒட்டியிருந்த ஈர மண்ணைத் தட்டிவிட்டார்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார். "அன்னிக்கு வலி வந்தப்போ கூண்டு மேலதான் நின்னுட்டிருந்தேன். இருட்டு. கீழ பார்த்தா ஆழம். கத்தினாலும் யாருக்கும் கேக்காது. எப்படி வெளிய வந்தேன்னு எனக்கே தெரியாது. அதுக்கப்புறம் கண்ணை மூடினா அந்த இருட்டுதான்." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இத்தனை வருஷமா அதுக்குள்ளயே கிடந்தவன். இப்ப திரும்பப் போகணுமேன்னு நினைச்சாலே பயமா இருக்கு. உங்ககிட்ட எல்லாம் அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. சீக்கிரம் வேலைக்குப் போகணும்னு வீம்புக்குச் சொல்லிட்டிருந்தேன்."

"அப்பா..."

"போக வேணாம்னு டாக்டரே சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டாருங்க."

"எப்பவுமே வேணாம்னா?"

"எப்பவுமே."

அவர் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எல்லோரும் பதறிக் கிட்டே போனார்கள். கையை எடுத்தபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன.

"இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் இன்னும் நாலு நாள் நல்லா தூங்கியிருப்பேனேம்மா!"

அவள் அவர் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அந்த நேரத்தில் அவளுக்கு வந்த நிம்மதியை எழுத வார்த்தை கிடையாது. அவர் உயிர் பிழைத்ததற்குக்கூட இந்த அளவு நன்றி சொன்னாளா என்பது சந்தேகம்.

"சரி, மரத்தைக் கொன்னது யாரு?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்.

"நீங்கதான்," என்றாள் டமாரம். அவளுடைய பழைய குரல் திரும்பியிருந்தது. மூன்று வாளிக் கதையையும், ஸ்பாஞ்ச் கதையையும், யார் யாரிடம் யார் யாருக்குத் தெரியாமல் என்ன சொன்னார் என்பதையும் அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி ஒப்பித்தாள்.

லிஃப்ட்காரர் கேட்கக் கேட்கத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில எனக்கு மட்டும் தண்ணியைச் சின்ன கப்புல அளந்து அளந்து குடுத்தீங்க. இன்னொரு வாய் குடும்மான்னு கெஞ்சினேன். கூடாது, டாக்டர் திட்டுவாருன்னு புடுங்கி வெச்சுட்டா உங்க அம்மா. அந்தத் தண்ணியெல்லாம் இங்கதான் வந்துச்சா?"

"அத்தான், நான் வேணா வேற செடி வாங்கி..."

"மாப்ள, முதல்ல அந்த மெத்தையை எல்லாம் உருவு. செடி தூங்குறதுக்கா வெச்ச?"

எக்ஸ்பிரஸ் குனிந்து ஸ்பாஞ்சுகளை உருவிப் பிழிந்தான். பிழியப் பிழியத் தண்ணீர் கொட்டியது. லிஃப்ட்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் உள்ளே படுத்திருந்த காலத்தில், ஒருவருக்கும் தெரியாமல் இந்தப் படியை மூன்று பேர் வாளியோடு ஏறி இறங்கியிருக்கிறார்கள். ஒருநாள்கூட ஒருவரும் தவறவிடவில்லை.

"செடி போனா போகுது. எனக்கு இப்படி மூணு பேரு எங்க கிடைப்பீங்க?" என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

பிறகு எழுந்து, எலுமிச்சை மரத்தின் அடித்தண்டில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது; உள்ளே என்ன நிறம் என்று மற்றவர்களுக்குத் தெரியவில்லை. "காய விடுங்க. நான் சொல்ற வரைக்கும் ஒரு சொட்டு ஊத்தக் கூடாது," என்றார். அந்தக் குரலில் பழைய அதிகாரம் இருந்தது.

கட்டியிருந்த பழங்களை அவரே வெட்டி எடுத்தார். சட்டப்படி அவர்தானே பறிக்க வேண்டும்.

அன்று மத்தியானம் அந்த வீட்டுச் சமையலறையில் எல்லோருக்கும் வேலை இருந்தது. லிஃப்ட்காரர் ஸ்டிக்கரைப் பிய்த்துவிட்டு, பழங்களைத் தேய்த்துக் கழுவி, மஞ்சள் தோலை மட்டும் மெல்லியதாகத் துருவினார். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும் என்று பக்கத்தில் நின்று மிரட்டினாள் மனைவி. துருவலைச் சர்க்கரையில் போட்டு அவள் விரலால் கசக்கக் கசக்க, சர்க்கரை ஈரமாகி மஞ்சள் பூத்து, வீடு முழுவதும் மணந்தது. டமாரம் முட்டை அடித்தாள். வெண்ணெய் தடவிய தட்டுக்கு எக்ஸ்பிரஸ் காகிதம் வெட்டிக் கொடுத்தான். சோபாவுக்குத் துணி வெட்டுகிறவன் கை; காகிதம் ஒரு மடிப்பு இல்லாமல் உட்கார்ந்தது. அதற்கு ஆன நேரத்தில் அடுப்பு இரண்டு தடவை சூடாகியிருக்கும்.

கேக் உப்பி, நடுவில் வெடித்து, ஓரம் பொன்னிறமானபோது குச்சியால் குத்திப் பார்த்தாள். சுத்தமாக வெளியே வந்தது. சூட்டோடு எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் கலந்து மேலே ஊற்றினாள்.

"அளவா ஊத்தும்மா," என்றார் அவர். அவள் முறைத்தாள்.

வெயில் தாழ்ந்ததும் மாடிக்குப் போனார்கள். இந்த முறை அவருக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பட்டுப்போன செடிகளுக்கு நடுவே பாயை விரித்து உட்கார்ந்தார்கள். கேக்கின் மேல் ஒரு கொத்துப் புதினாவைச் செருகினாள் டமாரம். மாடியில் விளைந்தது ஏதாவது இருக்க வேண்டுமே.

முதல் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார் லிஃப்ட்காரர்.

"எப்படிங்க இருக்கு?"

"உண்மையைச் சொல்லவா?"

"உண்மையைத்தான் சொல்லணும்."

"ஓரம் கொஞ்சம் தீஞ்சிருக்கு. ஆனா நான் இதுவரைக்கும் சாப்பிட்டதுலயே இதுதான் ருசி."

அவள் அந்தத் தீய்ந்த ஓரத்தைப் பிட்டுத் தன் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாள். காற்று இதமாக வீசியது.

அப்போதுதான் அவர் போன் அடித்தது. திரையைப் பார்த்ததும் நால்வர் முகமும் மாறியது. லிஃப்ட் கம்பெனி மேலாளர். ஆஸ்பத்திரிக் காலம் முழுவதும் அவருடைய போன்களை எடுத்துப் பேசியவள் கண்ணாடிக்காரம்மாதான். பழக்கத்தில் கையை நீட்டினாள்.

"வேணாம்மா. நான் பேசுறேன்."

போனை எடுத்தவர், ஸ்பீக்கரைப் போட்டுப் பாயின் நடுவில், கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எப்படி இருக்கீங்க? உடம்பு தேவலையா?" என்றது மேலாளர் குரல்.

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவர் கண்ணை நேராகப் பார்த்தாள். எதையும் மறைக்காத முகம். அதை அவர் நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நல்லா இருக்கேன் சார்," என்றார். "என் வீட்டுக்காரி சொல்லிட்டா."

மேலாளர் குரல் தணிந்தது.

"சந்தோஷம். உங்க வேலை விஷயமா கொஞ்சம் முக்கியமாப் பேசணும். பக்கத்துல யாராவது இருக்காங்களா? கொஞ்சம் தனியா வர முடியுமா?"

டமாரம் எழுந்திருக்கப் போனாள். எக்ஸ்பிரஸும் தட்டைக் கீழே வைத்தான். லிஃப்ட்காரர் கையைக் காட்டி இருவரையும் உட்கார வைத்தார். இன்னொரு கையால் மனைவியின் விரல்களைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் இருக்காங்க சார். இந்த வீட்ல இனிமே தனியான்னு ஒண்ணு கிடையாது. நல்லதோ கெட்டதோ, எல்லார் காதுலயும் விழட்டும். சொல்லுங்க."

மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். நான்கு தலைகளும் போனை நோக்கிக் குனிந்தன.